பைனாகுலர் வாங்குவோர் அறிய வேண்டுவன

பிழைப்பை முன்னிட்டுத் தாயகம் விட்டு வந்து பிற மாநில நகரங்களில் குடியிருக்கும் நம்மவர்க்கு வீட்டைச் சுற்றித் தோட்டம் வாய்ப்பது அரிது, மொட்டைமாடி வாய்ப்பதுண்டு. பெங்களூரில் காக்ஸ் டவுனை அடுத்துள்ள ஜீவனஹள்ளியைப் போன்ற நெருக்கமான பகுதிகளில் அம்மாடியே தோட்டம், அதுவே திண்ணை. பகலில் அங்கு நின்று நோக்கினால் பருந்துகள் வட்டமிடுவதைக் காணலாம்; விடுமுறை நாளில் அல்சூர் ஏரிக்கரைக்குச் சென்றால் நீர்க்காகங்கள் சிறகுலர்த்துவதைக் காணலாம். இரவில், தெருவிளக்குகளின் ஒளியையும் மீறிச் சில விண்மீன்கள் தென்படும். இவற்றைச் சற்று அருகில் கண்டால் என்ன என்னும் ஆவல் எழுந்ததும், மக்கள் கடைக்குச் சென்று கேட்கும் முதற்கேள்வி, “இது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?” என்பதே. அக்கேள்வியை இரண்டாவதாக வைத்துக்கொள்வது நல்லது. முதலிற் கேட்க வேண்டுவது, “இது எவ்வளவு அகலம் காட்டும்?” என்பதாகும்.

கலிலியோவின் அனுபவம் இதனை நன்கு விளக்கும். 1609, 1610-ஆம் ஆண்டுகளில் அவர் வானத்தை ஆராய்ந்த தொலைநோக்கி ஏறக்குறைய இருபது மடங்கு பெருக்கிக் காட்டியது. ஆயினும் அதன் வழியே முழுநிலவை ஒரே நோக்கில் காண அவரால் இயலவில்லை. நிலவின் அகலம் அரைப் பாகை, அதாவது அரை டிகிரி. அவர் கருவியின் பார்வைப்புலமோ கால் பாகை அளவே. சாவித் துவாரத்தின் வழியாக அரண்மனையைப் பார்ப்பது போன்ற நிலை அது. இன்று எட்டு மடங்கு மட்டுமே பெருக்கும் ஒரு நல்ல பைனாகுலர் எட்டுப் பாகை காட்டுகிறது. பதினாறு முழுநிலவுகளை வரிசையாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு அகலம். பெருக்கத்தில் கலிலியோவுக்குப் பின்தங்கிய நாம், பரப்பில் அவரை எங்கோ விஞ்சிவிடுகிறோம்.

எல்லாப் பைனாகுலரின் மேலும் 8×40, 10×50 என்பன போன்ற இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண் பெருக்கம். இரண்டாவது, முன்புறமுள்ள பொருளருகு லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். முன்லென்ஸ் பெரிதாக இருந்தால் காட்சியும் அகலமாக இருக்கும் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. முன்லென்ஸ் பெரிதானால் வெளிச்சம் மிகும், அகலம் மிகாது. பார்வைப்புலத்தின் அகலத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வன பெருக்கமும், நம் விழியருகே உள்ள கண்ணருகு லென்ஸின் அமைப்புமே. ஆகவே 8×40 என்று பொறித்த இரு கருவிகளில் ஒன்று ஆறரைப் பாகையும் மற்றொன்று எட்டேகால் பாகையும் காட்டுதல் கூடும். இதனை அறிய மூன்றாவது குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும். “7°” என்றோ, “1000 மீட்டரில் 122 மீட்டர்” என்றோ அது இருக்கும்; பழைய கருவிகளில் “1000 கஜத்தில் 367 அடி” என்றிருக்கும். மூன்றும் ஒன்றே. ஒரு பாகைக்கு ஆயிரம் மீட்டரில் பதினேழரை மீட்டர் என்பது நினைவிருந்தால், கடையிலேயே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். பெருக்கத்தையும் பாகையையும் பெருக்கி வரும் தொகை அறுபதைத் தாண்டினால் அது அகன்ற பார்வையுடைய கருவி என்று பொதுவாகக் கொள்வர்.

அகலத்துக்கும் ஒரு விலை உண்டு. மலிவான அகன்ற கருவிகளில் நடுப்பகுதி தெளிவாகவும் விளிம்பு கலங்கியும் தோன்றும். 1950, 1960-களில் ஜப்பானில் செய்யப்பட்ட 7×35 கருவிகளுள் சில பதினொரு பாகை வரை காட்டின. காண வியப்பாக இருக்கும், ஆனால் விளிம்பில் விண்மீன்கள் புள்ளியாக நில்லாமல் சிறகு முளைத்துத் தோன்றும். மேலும், அகன்ற கருவிகள் பலவற்றில் கண்ணை லென்ஸோடு ஒட்டி வைத்தால்தான் முழுப்புலமும் தெரியும். மூக்குக்கண்ணாடி அணிவோர்க்கு இது பெருந்தொல்லை. அவர்கள் கண்ணிடைவெளி பதினைந்து மில்லிமீட்டருக்குக் குறையாத கருவியையே தேர்தல் வேண்டும். இல்லையேல் எட்டுப் பாகைக்குப் பணம் கொடுத்து ஐந்து பாகையைப் பார்ப்பார்கள்.

அடுத்து வெளிச்சம். பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், கண்ணருகு லென்ஸில் சிறிய ஒளிவட்டம் ஒன்று தெரியும். முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் வருவதே அதன் அளவு: 8×40-க்கு ஐந்து மில்லிமீட்டர், 7×50-க்கு ஏழு. இளைஞர்களின் கண்பாவை காரிருளில் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் விரியும். ஐம்பது வயதை எட்டியோர்க்குப் பெரும்பாலும் ஐந்தளவில் நின்றுவிடும். நகரத்து விளக்கொளியில் எவர் கண்ணும் முழுதும் விரிவதில்லை. கடலில் இரவுக்காவல் புரியும் மாலுமிகளுக்குப் பெயர்பெற்ற துணையான 7×50, ஜீவனஹள்ளி மாடியில் தன் ஒளியில் ஒரு பகுதியை நம் கன்னத்தில்தான் கொட்டும், எடையும் மிகுதி. ஆகையால் நகரில் வாழ்ந்து, எப்போதேனும் வெளியூர் செல்லும் குடும்பத்திற்கு 8×40 அல்லது 8×42, பார்வைப்புலம் ஏழரை முதல் எட்டுப் பாகை வரை: இதுவே என் பரிந்துரை. கை நடுங்காதவர் 10×50 வாங்கலாம்; அதில் ஆறரைப் பாகைக்குக் குறைந்ததை ஒதுக்குக. இரண்டு மடங்கு மட்டுமே பெருக்கி, இருபது பாகைக்கு மேல் காட்டும் வேடிக்கையான சிறுகருவிகளும் இப்போது கிடைக்கின்றன. அவை கலிலியோவின் லென்ஸ் அமைப்பையே தழுவியவை. விண்மீன் கூட்டங்களின் வடிவைக் காண அவை இனியவை. ஆனால் ஏரிப்பறவைக்குப் பயன்படா.

கடையில் சோதிக்கும் முறையைச் சொல்கிறேன். முன்கூறிய ஒளிவட்டம் முழுவட்டமாக இருத்தல் வேண்டும். ஓரங்கள் வெட்டினாற்போலச் சதுரமாகத் தோன்றினால் உள்ளிருக்கும் பட்டகக் கண்ணாடி தாழ்ந்த தரத்தது. முன்லென்ஸில் தெரியும் பிரதிபலிப்பு மங்கிய பச்சையாகவோ ஊதாவாகவோ இருந்தால் நன்று. வெண்மையாகப் பளிச்சிட்டால் மேற்பூச்சு இல்லை. மாணிக்கம் போலச் சிவந்து மின்னினால், அழகில் மயங்காது அடுத்ததைக் கேட்க. பின்னர் கடை வாயிலுக்கு வந்து, தொலைவிலுள்ள நீர்த்தொட்டியின் விளிம்பை நோக்குக. இரு குழல்களும் ஒருமுகப்பட்டிருந்தால் காட்சி உடனே ஒன்றாகும். கண்ணை இழுத்துப் பிடிப்பது போன்ற உணர்ச்சி எழுந்தால், அது வீட்டில் அரைமணி நேரத்தில் தலைவலியாக முடியும். நேர்க்குழல் அமைப்புடையவை எடை குறைந்தவை. முன்லென்ஸ்கள் விலகி நிற்கும் பழைய அமைப்புடையவை சற்றுப் பருமன். குறைந்த விலையில் தெளிந்த காட்சி வேண்டுவோர்க்குப் பின்னதே சிறந்தது.

“நூறு மடங்கு” என்று விளம்பரப்படுத்தப்படும் கைக்கருவிகளை நம்ப வேண்டா. பத்து மடங்கிலேயே கைநடுக்கமும் பத்து மடங்காகிறது. நூறு மடங்கைக் கையில் நிறுத்திப் பிடிக்க எவராலும் ஆகாது. பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் ‘ஜூம்’ கருவிகள், குறைந்த பெருக்கத்தில்கூடக் குறுகிய புலத்தையே பெரும்பாலும் காட்டும்.

ஓர் எச்சரிக்கை. பைனாகுலரால் சூரியனை ஒருபோதும், ஒரு நொடியும், நோக்கலாகாது. விழித்திரை வெந்து போகும்; அங்கே வலி உணர்ச்சி இல்லாமையால், வெந்தது அப்போது தெரியவும் தெரியாது. வீட்டில் குழந்தைகள் இருப்பின், பகலில் இக்கருவியை அவர்கள் கைக்கெட்டாத இடத்தில் வைத்தல் கடமை.

வானத்தில் எதை நோக்குவது? புதிய பெயர்களைக் கற்க வேண்டிய அவசியமில்லை; பஞ்சாங்கத்தில் நாம் அன்றாடம் கேட்கும் பெயர்களே போதும். மார்கழி, தை மாத மாலைகளில் கார்த்திகையைப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறு மீன்களாகத் தெரிவது, கருவியில் பல பத்தாக விரியும். அது இரண்டு பாகைக்கும் குறைந்த கூட்டமாதலின் அகலம் எதற்கு என்று கேட்கலாம். சுற்றிலும் கருவானம் சூழ்ந்திருந்தால்தான் கொத்து, கொத்தாகத் தோன்றும். அருகிலுள்ள உரோகிணியோ இன்னும் நல்ல சான்று. செந்நிற உரோகிணியை ஒரு முனையில் கொண்டு சாய்ந்த கூர்முனை வடிவில் கிடக்கும் அக்கூட்டம் ஐந்து பாகைக்கு மேற்பட்டது. குறுகிய கருவியில் அது துண்டுபட்டுவிடும்; அகன்றதில் முழுதும் அடங்கும். (கூட்டம் நமக்கு ஏறத்தாழ 150 ஒளியாண்டு தொலைவில் உள்ளது, உரோகிணி 65 ஒளியாண்டில். உண்மையில் அவள் அக்குடும்பத்தைச் சேர்ந்தவள் அல்லள், வழியில் நிற்பவள்.) திருவாதிரைக்குத் தெற்கே வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களும், அவற்றின் கீழ் மங்கிய புகைபோல் தோன்றும் ஒளிமுகிலும் ஏழு பாகைக்குள் ஒன்றாகத் தெரியும். பூசம் வெறுங்கண்ணுக்கு வெறும் மங்கல். நகரில் அதுவும் தெரியாது. அங்கே நாற்பதுக்கு மேற்பட்ட மீன்கள் உள்ளன என்று கண்டு எழுதியவர் கலிலியோ. மாசி, பங்குனியில் அதே காட்சியை நாமும் காணலாம்.

தென்னாட்டில் வாழ்வதால் நமக்கு ஒரு தனிச்சலுகை உண்டு. மூலத்தை ஒட்டி, தேளின் வாலருகே இரண்டு கொத்துகள் நான்கு பாகை இடைவெளியில் அமைந்துள்ளன. லண்டன் நகரத்தார்க்கு அவற்றுள் தெற்கேயுள்ளது அடிவானத்தை விட்டு நான்கு பாகைகூட எழுவதில்லை. நமக்கோ நாற்பது பாகைக்கு மேல் எழுகிறது. ஆடி, ஆவணியில் மழை விட்ட இரவொன்றில் இரண்டையும் ஒரே புலத்தில் பிடிக்கலாம். வால்மீன் வரும் ஆண்டுகளில் அகலத்தின் அருமை இன்னும் விளங்கும். 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், விடியுமுன் கீழ்வானில் தோன்றிய சூச்சின்ஷான்–அட்லஸ் வால்மீனைப் பெங்களூரில் பலர் கண்டனர். அத்தகைய வாலைக் குறுகிய குழாயில் தேடுவது, யானையைக் குருடர் தடவிய கதைதான்.

ஊருக்குப் போகும்போது கருவியையும் எடுத்துச் செல்லுங்கள். பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தின் வழியே செல்லும் இருப்புப்பாதை ஜோலார்பேட்டையை அடைகிறது. அப்பக்கத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூரைத்தான் 1960-களில் வானியலறிஞர் வைணு பாப்பு வானாய்வகத்திற்குத் தேர்ந்தார். இருண்ட வானம் ஒரு காரணம். நிலநடுக்கோட்டிற்கு அண்மையில் இருப்பதால் தென்வானமும் நன்கு தெரிவது மற்றொரு காரணம். அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் அவர் பெயரைப் பெற்றது. அதனை இயக்கும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் நம் பெங்களூர்க் கோரமங்கலாவிலேயே உள்ளது. அத்தகைய பெருங்கருவி ஒரு நேரத்தில் நோக்குவது வானத்தின் சிறு துணுக்கையே. அதே வானத்தின் கீழுள்ள சிற்றூரில் கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து கிடப்பவர், பால்வீதியைக் கைக்கருவியால் கோடியிலிருந்து கோடிவரை துழாவலாம். ஐப்பசி, கார்த்திகையில் 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆந்திரமேடா மண்டலமும் அங்கே நீண்ட வெண்கறையாகப் புலப்படும்.

நகர மாடியில் நோக்கும்போது சாய்வுநாற்காலியில் படுத்து, முழங்கைகளை அதன் கைகளில் ஊன்றிக்கொள்ளுங்கள். நடுக்கம் பாதியாகக் குறையும். கண் இருளுக்குப் பழகக் கால்மணி நேரம் கொடுங்கள். இடையில் கைபேசியைத் திறந்தால் பழகியதெல்லாம் போயிற்று. இரவில் மாடியில் பைனாகுலருடன் நிற்பவரைக் கண்டு எதிர்வீட்டார் ஐயுறுவது இயல்பே. முதல்நாளே அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை அழைத்து நிலவைக் காட்டிவிடுவது நலம். மொழி வேறாயினும் அதற்கு உரை வேண்டுவதில்லை.

மழைக்காலத்தில் கருவியை ஈரமுறிஞ்சும் பொட்டலத்துடன் மூடிய டப்பாவில் வையுங்கள்; தோலுறையில் நெடுநாள் வைத்தால் லென்ஸில் பூஞ்சை படரும். துடைக்குமுன் தூசியை ஊதிப் போக்குக. வேட்டித் தலைப்பால் தேய்க்க வேண்டா.