சிப்பிக்கு மீண்டும் ஓர் இருப்பிடம்
தூண்டில்காரர்கள் மேற்கொண்ட கடற்பணி

மும்பையில் தாதர் கடற்கரை பெரும்பாலும் மணற்பாங்கானது. ஆயினும் அதற்குத் தெற்கே வர்லியிலும், மாஹிம் விரிகுடாவின் மறுகரையிலுள்ள பாந்த்ராவிலும், கடல் வற்றும் வேளையில் கரும்பாறைகள் வெளிப்படுகின்றன. அப்பாறைகளின்மேல் கரடுமுரடான சாம்பல் நிற ஓடுகள் இறுக ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். ஆளி எனப்படும் உணவுச் சிப்பிகள் இவையே. கோலி இனப் பெண்கள் சிறு இரும்புக் கருவியால் இவற்றின் ஓட்டை உடைத்துச் சதையைச் சேகரிப்பது இக்கரைகளில் நெடுநாளைய வழக்கமாகும்.

உலகின் பல பகுதிகளில் இச்சிப்பிகளின் தொகை பெரிதும் குறைந்துவிட்டது. சிப்பித் திட்டுகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு அழிந்துவிட்டதென 2011இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அழிந்த திட்டுகளை மீண்டும் உருவாக்கும் பணியில், ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்குக்காக மீன்பிடிப்போர் தாமாகவே முன்வந்து ஈடுபட்டுள்ளனர். அவர்கள் செய்வது யாது, அது பயன்தரும் காரணம் யாது, நம் கரைகளுக்கு அது எந்த அளவு பொருந்தும் என்பவற்றை இங்குக் காண்போம்.

சிப்பியின் வாழ்க்கை

சிப்பி தன் முட்டைகளைக் கடல்நீரில் சொரிகிறது. சில இனங்கள் மட்டும் முட்டைகளைத் தம் ஓட்டுக்குள்ளேயே சிறிது காலம் பேணுகின்றன. வெளிவரும் இளவுயிர் ஏறக்குறைய இரண்டு அல்லது மூன்று வாரங்கள் நீரில் மிதந்து திரிகிறது. பின்னர் அதற்குக் கால் போன்றதோர் உறுப்பு தோன்றுகிறது. அதைக்கொண்டு அடித்தரையைத் தடவிப் பார்த்து, கடினமான இடம் கிடைத்தால் தன்னை அங்கே ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அது அவ்விடத்தை விட்டுப் பெயர்வதில்லை.

அந்தக் கடினமான இடம் பெரும்பாலும் மற்றொரு சிப்பியின் ஓடே ஆகும். ஓட்டின்மேல் ஓடாகத் தலைமுறைகள் அடுக்கப்பட்டுத் திட்டு வளர்கிறது. எனவே, சிப்பியை ஓட்டுடன் அள்ளிச் செல்வோர் அதன் வருங்காலச் சந்ததியின் இருப்பிடத்தையும் சேர்த்தே அள்ளிச் செல்கின்றனர். எஞ்சுவது சேறு. சேற்றில் விழும் இளவுயிர் மூச்சுத் திணறி மடிகிறது. மீன்பிடிப்பை நிறுத்திவிட்டாலும் பல இடங்களில் சிப்பிகள் தாமாகத் திரும்பாததற்கு இதுவே முக்கிய காரணம்.

சிப்பித் திட்டின் இடுக்குகளில் நண்டும் இறாலும் மீன்குஞ்சுகளும் அடைக்கலம் பெறுகின்றன. அவற்றை உண்ணப் பெரிய மீன்கள் வருகின்றன. மேலும் சிப்பி நீரை வடிகட்டியே உணவு பெறுகிறது. வளர்ந்த அமெரிக்கச் சிப்பியொன்று மிக ஏற்ற சூழலில் ஒரு நாளில் 190 லிட்டர் நீர் வரை வடிகட்டக்கூடும் எனக் கூறப்படுகிறது. வெப்பமும் உவர்ப்பும் மாறினால் இவ்வளவு பெரிதும் குறையும்.

போர்ட் பிலிப் விரிகுடா

மெல்போர்ன் நகரை அடுத்த போர்ட் பிலிப் விரிகுடாவில் 19ஆம் நூற்றாண்டில் தட்டைச் சிப்பிகள் வாரு வலைகளால் அளவின்றி அள்ளப்பட்டன. 1963இல் தொடங்கிய வேறொரு வகைச் சிப்பி வேட்டையும் அடித்தரையை வாரியது. அது 1990களில் தடை செய்யப்பட்டது. ஆயினும் பழைய திட்டுகள் திரும்பவில்லை.

சிப்பிக் குவியல்களின் அருகே மீன் மிகுதியாகக் கிடைத்த காலத்தைத் தூண்டில்காரர்கள் மறக்கவில்லை. ஆல்பர்ட் பார்க் படகு, தூண்டில் சங்கத்தார் இயற்கைப் பாதுகாப்பு நிறுவனமொன்றுடனும் விக்டோரியா மாநில மீன்துறையுடனும் சேர்ந்து, 2014இல் மீட்புப் பணியைத் தொடங்கினர். கடலடியில் முதலில் சுண்ணாம்புக்கல் பரப்பப்பட்டது. உணவகங்கள் ஒதுக்கிய ஓடுகள் சேகரிக்கப்பட்டு, நோய்க்கிருமிகள் நீங்கும்பொருட்டுப் பல மாதங்கள் வெயிலில் உலர்த்தப்பட்டன. அவற்றின்மேல் பொரிப்பகத்தில் இளஞ்சிப்பிகள் ஒட்டச் செய்யப்பட்டு, அவ்வோடுகள் கல்லின்மேல் இடப்பட்டன.

பிரிஸ்பேன் நகரை அடுத்த மோர்ட்டன் விரிகுடாவிலும் தூண்டில்காரர்களின் அறநிறுவனமான ஓஸ்ஃபிஷ் இத்தகைய பணியைச் செய்துவருகிறது. தொண்டர்கள் ஓடுகளைக் கழுவி உலர்த்தி இரும்புக் கம்பிக் கூடைகளில் நிரப்புகின்றனர். காலப்போக்கில் கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோக, ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த சிப்பிகளே எஞ்சவேண்டும் என்பது நோக்கம். நியூயார்க்கில் 2014இல் தொடங்கிய திட்டமொன்றில் பள்ளி மாணவர்களே பெரும்பங்கு பெறுகின்றனர். 2035க்குள் 100 கோடி சிப்பிகளைத் துறைமுகத்தில் நிலைபெறச் செய்வது அதன் இலக்கு.

நம் நாட்டு அனுபவம்

ஓட்டின்மேல் சிப்பியை அமரச் செய்யும் முறை நமக்குப் புதிதன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜேம்ஸ் ஹார்னெல் பழவேற்காட்டு ஏரியில் சிப்பி வளர்ப்பை முயன்றார். 1970களில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சுண்ணாம்பு பூசிய ஓடுகளில் இளஞ்சிப்பிகளைச் சேகரித்து வளர்த்தனர். பின்னர்க் கேரளத்தின் அஷ்டமுடி ஏரியில், வெற்றுச் சிப்பி ஓடுகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிடும் முறை மீனவர்களிடையே பரவியது. இவை உணவுக்காக வளர்க்கும் முறைகள். திட்டை மீட்பதற்கும் அடிப்படை அறிவு இதுவே.

மும்பைக்குப் பொருந்துமா?

தூண்டிலிடுவோர் இந்நகரிலும் உளர். ஆயினும் ஓடு இடுவதற்கு முன் நீரைப் பார்க்கவேண்டும். தாராவியை ஒட்டி ஓடும் மீத்தி ஆறு நகரின் கழிவுநீரைச் சுமந்து மாஹிம் கழிமுகத்தில் கடலை அடைகிறது. நீரை வடிகட்டும் சிப்பி, அந்நீரிலுள்ள நோய்க்கிருமிகளையும் உலோகங்களையும் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. நியூயார்க் துறைமுகச் சிப்பிகள் உண்பதற்குரியவை அல்ல என்று அத்திட்டத்தாரே எச்சரிக்கின்றனர். மீட்கப்பட்ட சிப்பியை யாரேனும் எடுத்து உண்டால், நன்மை செய்யப்போய்த் தீமை விளையும். மேலும், கழிவோடு வரும் சேறு புதிதாக இட்ட ஓடுகளை விரைவில் மூடிவிடும். ஆகவே கழிவுநீரைத் தடுப்பது முதற்பணி. சிப்பியை வைப்பது அதன் பின்னரே. சிப்பியைக்கொண்டே சாக்கடையைத் தூய்மைப்படுத்திவிடலாம் என்று கருதுவது தவறு.

அதுவரை செய்யத்தக்க பணிகளும் உண்டு. ஆசிரியர்கள் மாணவர்களை நீர் நன்கு வற்றும் நாட்களில் பாறைக்கரைக்கு அழைத்துச் சென்று, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து உயிருள்ள சிப்பிகளையும் வெற்றோடுகளையும் தனித்தனியே எண்ணிக் குறிக்கலாம். ஓட்டின் விளிம்பு கத்திபோல் கூர்மையானதாகையால் காலணி அவசியம். நீர் ஏறும் நேரத்தையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் வேண்டும். ஒரே இடத்தில் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கு, சிப்பிகள் பெருகுகின்றனவா குறைகின்றனவா என்பதைக் காட்டும். களப்பணியாளர்கள் துறையின் அனுமதி பெற்று, கயிற்றில் கோத்த ஓடுகளைச் சில இடங்களில் தொங்கவிட்டு, எங்கே இளஞ்சிப்பிகள் வந்து ஒட்டுகின்றன என்று சோதிக்கலாம். அவை மிகுதியாக ஒட்டும் இடத்தில் விதைக்குப் பஞ்சமில்லை; ஓட்டிற்கே பஞ்சம். ஒன்றும் ஒட்டாத இடத்தில் ஓடு மட்டும் கொட்டுவது வீண்செலவு. ஓரிடத்துச் சிப்பியை உயிருடன் வேறிடத்திற்கு மாற்றுதல் நோயைப் பரப்பும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விவரங்களைச் சேகரிப்பதில் கோலி மக்களின் அறிவு இன்றியமையாதது. எந்தப் பாறையில் எந்தப் பருவத்தில் சிப்பி செழிக்கும் என்பதை அன்றாடம் கண்டறிந்தவர்கள் அவர்களே. அவர்களின் பிழைப்பும் இதனோடு பிணைந்துள்ளது. மெல்போர்னில் பணி தொடங்கியதும் கடலை நெடுங்காலம் பழகியவர்களின் நினைவிலிருந்துதான். அந்நினைவைக் கேட்டு எழுதி வைப்பதற்குப் பொரிப்பகமோ பெரும்பொருளோ தேவையில்லை.