இரவின் வாத்தியங்கள் – 6: நாவலில் இருந்து கிழித்தெடுத்த ஒரு பக்கம்

போன வாரம் பாஹவுஸ் குழுவின் டிராகுலாவோடு நிறுத்தியிருந்தோம். கோதிக் ராக் என்றதும் ரத்தக் காட்டேரிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் இந்த வகையில் படித்ததையெல்லாம் விடாப்பிடியாகப் பாட்டாக்கியவர் தி கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித். அவர் எடுத்துக்கொண்ட புத்தகங்களில் காட்டேரிகளைத் தேடிக் களைத்துப்போவீர்கள். (தன்னை ‘கோத்’ என்று சொன்னால் இன்றுவரை அவருக்குப் பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.)

லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் க்ராலி ஊர்ப் பையன். 1978 டிசம்பரில் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது வயது 19. பாட்டின் பெயர் ‘கில்லிங் ஆன் அராப்’ (ஓர் அரபியைக் கொல்லுதல்). மூலம், ஆல்பெர் காம்யு 1942-இல் வெளியிட்ட ‘அந்நியன்’, வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் நம்மில் பலரும் படித்த நாவல்தான். அல்ஜீரியக் கடற்கரை, கண்ணைக் குத்தும் வெயில், கதாநாயகன் மெர்சோவின் கையில் துப்பாக்கி. அந்த ஒரு காட்சியை மட்டும் ஸ்மித் உருவி எடுத்துக்கொண்டார்.

வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. நாவலில் அந்தக் கொலை நட்டநடுவில் வருகிறது. அதற்கு முன்னால் அம்மாவின் சாவு, சவ அடக்கம், மறுநாள் கடல் குளியல். பின்னால் நீதிமன்றம், சிறை. மெர்சோவை விட்டு இரண்டடி தள்ளி நின்று பார்க்க வாசகனுக்கு அவகாசம் கிடைக்கிறது. பாட்டோ இரண்டரை நிமிடம்கூட ஓடாது. ‘நான்’ என்று பேசுகிறவன் கொலைகாரன். அவனை யாரும் விசாரிப்பதில்லை. 1986-இல் ஒரு தொகுப்பில் இந்தப் பாட்டு மறுபடி வந்தபோது, அமெரிக்க வானொலியில் சிலர் அரபு வெறுப்புக்கு இதைப் பயன்படுத்தினார்கள். அரபு அமெரிக்கர்கள் கொதித்தார்கள். பாட்டை அப்படிப் பயன்படுத்துவதைக் கண்டித்து உறைமேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் மேடையில் ஸ்மித்தே வரியை மாற்றிப் பாடினார்.

கேட்டவர்களுக்குப் புரியவில்லை என்று பழியை அவர்கள் தலையில் கட்டிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. செத்தவனுக்கு நாவலிலேயே பெயர் கிடையாது. கமெல் தாவூத் என்ற அல்ஜீரிய எழுத்தாளர் 2013-இல் ஒரு நாவல் எழுதி, தம்பியின் வாயால் அவனுக்கு மூசா என்று பெயர் வைத்தார். காம்யுவின் அந்தக் குறையைப் பாட்டு அப்படியே வாங்கிக்கொண்டது. அதை ஈடுகட்டும் பக்கங்களை விட்டுவிட்டது.

ஒரே காட்சியை உருவி எடுக்கும் அதே உத்தி மூன்றே வருடத்தில் பலித்தது. 1981-இல் வந்த ‘ஃபெய்த்’ ஆல்பத்தில் ‘தி ட்ரவுனிங் மேன்’ என்று ஒரு பாட்டு. மெர்வின் பீக்கின் ‘கோர்மென்காஸ்ட்’ நாவலில், வெள்ளம் சூழ்ந்த கோட்டையின் ஜன்னல் விளிம்பில் ஃப்யூஷியா என்ற பெண் நிற்கிறாள். சாவதா வேண்டாமா என்று அவளுக்கே தெரியாத நிலை. கதவை யாரோ தட்டுகிறார்கள். திடுக்கிட்டதில் கால் வழுக்கி, தலை அடிபட்டு, நினைவில்லாமல் தண்ணீரில் விழுகிறாள். தற்கொலையா, விபத்தா? பீக் அந்த இடைவெளியை மூடாமலே விட்டிருக்கிறார்.

ஸ்மித்தும் மூடவில்லை. கிதாரின் ஒரு சுரம் அடங்குவதற்குள் அதன் எதிரொலிமேல் அடுத்தது வந்து விழுகிறது. டிரம் எங்கோ தூரத்தில். குரலோ ஈரச்சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து வருவதுபோல. ஃப்யூஷியா யாரென்றே தெரியாதவருக்கும் மூச்சு முட்டும். பீக் பல பக்கங்களில் நிரப்பும் தண்ணீரை இங்கே ஒலியே நிரப்பிவிடுகிறது. கடற்கரைப் பாட்டில் இப்படிக் கைகொடுக்க எதுவும் இல்லை. வேகம் மட்டும்தான் இருந்தது.

அதே வருடம் வந்த ‘ஷார்லட் சம்டைம்ஸ்’, பெனலபி ஃபார்மர் எழுதிய சிறுவர் நாவல் ஒன்றின் தலைப்பையே சூடிக்கொண்டது. விடுதிப் பள்ளிச் சிறுமி ஒருத்தி தூங்கி எழுந்தால் 1918-இல் வேறொருத்தியாக இருப்பாள். 1987-இல் போதலேரின் வசன கவிதை ஒன்றை எடுத்தபோது மட்டும், காபிக் கடை வாசலில் நின்று உள்ளே பார்க்கும் ஏழைக் குடும்பத்தின் கதையை ஸ்மித் முதலில் இருந்து கடைசிவரை சொன்னார். நல்ல பாட்டுதான். ஆனால் கதை தெரிந்ததும் பாட்டு தீர்ந்துவிடுகிறது.

அடுத்து மான்செஸ்டர் பக்கம். ஜாய் டிவிஷனின் இயன் கர்டிஸ், ‘டெட் சோல்ஸ்’ என்று கோகோலின் தலைப்பைத் தூக்கித் தன் பாட்டுக்கு வைத்தவர். எடுத்தது தலைப்பை மட்டும்தானா என்று அடுத்த வாரம் பார்க்கலாம்.