எது தாது, எது கழிவு? சுரங்கங்களிலிருந்து வெளிவரும் கல்லும் மண்ணும்

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலை முற்காலத்தில் ‘சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில்’ என்று அழைத்தனர். அப்பகுதியில் சுண்ணாம்பு சுட்டெடுக்கும் தொழில் நடைபெற்றமையால் வந்த பெயர் அது. தமிழ்ச் சுண்ணாம்பும் மலாய்க் கம்போங்கும் சேர்ந்து உருவான இப்பெயரை இன்று தேக்காச் சந்தைக்குக் காய்கறி வாங்க வருவோரிடம் சொன்னால் பெரும்பாலோர் வியப்புடன் பார்ப்பர். தொழில் மறைந்தது, அதனோடு பெயரும் மறைந்தது.

மண்ணையும் கல்லையும் அகழும் தொழில்களுக்கும் அவற்றைக் குறிக்கும் சொற்களுக்கும் உள்ள தொடர்பே இவ்வுரையின் பொருள். சுரங்கப் பொறியியல் என் துறையன்று. ஆயினும் சுரங்கத்தைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பாடங்களையும் செய்திகளையும் படிக்குந்தோறும் ஒரு குறை கண்ணில் படுகிறது. நிலத்திலிருந்து எடுக்கப்படுவதில் நமக்கு வேண்டியது தாது, வேண்டாதது கழிவு என இரண்டே சொற்களில் கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் ‘கழிவு’ என்ற ஒரு சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு பொருள்கள் அடைபட்டுக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாதவரை, மேற்பரப்புச் சுரங்கத்துக்கும் நிலத்தடிச் சுரங்கத்துக்கும் உள்ள வேறுபாடு மாணவர்க்கு விளங்காது.

முதலில் ‘சுரங்கம்’ என்ற சொல்லையே நோக்குவோம். ‘சுருங்கை’ என்ற வடிவம் சிலப்பதிகாரத்திலேயே உண்டு. இது வடமொழி வழியாக வந்தது என்றும், அதன் மூலம் குழல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் என்றும் அறிஞர் பலர் கருதுவர். எவ்வாறாயினும் அடிப்படைப் பொருள் நிலத்துக்குக் கீழே செல்லும் வழி என்பதே. இன்றும் ‘சுரங்கப்பாதை’ என்றால் அப்பொருள்தான். ஆனால் நெய்வேலியில் இருப்பதை நாம் ‘திறந்தவெளிச் சுரங்கம்’ என்கிறோம். சொல்லுக்குச் சொல் பொருள் கொண்டால், கூரையற்ற குகை என்பது போன்ற முரண் இது. வழக்கில் ஊன்றிவிட்ட தொடரை மாற்ற இயலாது. மாற்ற வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. எனினும் ‘சுரங்கம் வரப்போகிறது’ என்று கேள்விப்படும் உழவர் ஒருவர், மேலே வயல் இருக்க அடியில் வேலை நடக்கும் என்று எண்ண இச்சொல் இடம் தருகிறது. உண்மையில் முதலில் போவது வயல்தான்.

நெய்வேலியில் 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் அமைந்து, 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிக்கொணரப்பட்டது. அங்குள்ள முதற் சுரங்கத்தில் ஒரு டன் நிலக்கரியை எடுக்க ஐந்து கன மீட்டருக்கும் மேற்பட்ட மேற்படிவை அகற்ற வேண்டும். ஒரு கன மீட்டர் மண் ஏறத்தாழ இரண்டு டன் எடை கொண்டது என்று கொண்டால், ஒரு டன் எரிபொருளுக்குப் பத்து டன் நிலம் இடம்பெயர்கிறது. அதோடு, நிலக்கரிக்கு அடியில் பேரழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் தளத்தைப் பிளந்துகொண்டு மேலெழாதிருக்க, அதனை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். இந்நீர் எந்தக் ‘கழிவு’க் கணக்கிலும் சேர்வதில்லை.

அகற்றப்படுவதைச் சில பாடங்கள் ‘மேல்மண்’ என்று எழுதுகின்றன. இது தவறான பெயர். உழவர் வழக்கில் மேல்மண் என்பது பயிர் வேர்விடும் ஒன்றிரண்டு சாண் வளமண். நெய்வேலியில் அகற்றப்படுவதோ பல பத்து மீட்டர் தடிப்புள்ள களிமண்ணும் கடலூர் மணற்கல்லும். அம்மணற்கல் இராட்சதச் சக்கரவாளி எந்திரங்களின் எஃகுப் பற்களையே தேய்த்துவிடும் கடுமை உடையது. அதையும் வளமண்ணையும் ஒரே பெயரால் அழைத்தால், சுரங்கம் மூடப்பட்டபின் நிலத்தை மீட்க வேண்டிய வளமண்ணைத் தனியே எடுத்துக் காக்க வேண்டும் என்ற விதி மாணவர் மனத்தில் எவ்வாறு பதியும்?

மேற்பரப்புச் சுரங்கத்தில் ஆழம் கூடக் கூட அகற்றப்படும் பாறையின் அளவு எவ்வாறு பெருகுகிறது என்பதை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மணலில் குழி தோண்டும் குழந்தை, ஒரு சாண் ஆழம் சென்றதும் பக்கங்கள் சரிவதைக் கண்டு குழியின் வாயை அகலப்படுத்துகிறது. சுரங்கமும் அதையே செய்கிறது. 20 மீட்டர் ஆரமுள்ள உருளைபோல் செங்குத்தாகக் கீழிறங்கும் ஒரு தாதுத் திரளைக் கற்பனை செய்வோம். குழியின் பக்கங்கள் 45 பாகைச் சரிவில் நிற்கும் என்று கொள்வோம். 100 மீட்டர் ஆழம் தோண்டினால், ஒரு கன மீட்டர் தாதுக்கு ஏறத்தாழ 13 கன மீட்டர் வெறும்பாறை வெளிவரும். 200 மீட்டர் தோண்டினால், அதே ஒரு கன மீட்டருக்கு 43 கன மீட்டர். ஆழம் இரு மடங்கானதால் தாது இரு மடங்கே ஆயிற்று. வெறும்பாறையோ ஆறரை மடங்காயிற்று. நெய்வேலிபோல் பாய் விரித்தாற்போலக் கிடக்கும் படிவுகளில் இப்பெருக்கம் இவ்வளவு கடுமையாக இராது. செங்குத்தான திரளில், ஏதோ ஓர் ஆழத்தில், ‘இனிக் குழி வேண்டாம், குகை போதும்’ என்று பொறியாளர் முடிவெடுப்பது இக்கணக்கின் காரணமாகவே.

நிலத்தடிச் சுரங்கத்துக்குத் தமிழர் வரலாற்றில் கோலார் தங்கவயலைவிடச் சிறந்த சான்று இல்லை. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே கால்வைத்தனர். வட ஆர்க்காட்டிலிருந்தும் அதன் சுற்றுப்புறங்களிலிருந்தும் சென்ற தமிழ்த் தொழிலாளரே அச்சுரங்கங்களின் பெரும்படை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் தொழில் நிறுத்தப்பட்டது. அதுவரை சுமார் 5 கோடி டன் தாதுக்கல் மேலே கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழ 800 டன் பொன் பிரித்தெடுக்கப்பட்டது.

இங்கே வெறும்பாறை மிகக் குறைவு. கிணறுபோல் இறங்கும் ஷாஃப்டுகளையும், தாது நரம்பை எட்டக் குறுக்கே வெட்டிய வழிகளையும் தோண்டியபோது வந்த கல் மட்டுமே அது. மெல்லிய நரம்பைப் பின்தொடர்ந்து செல்பவர்க்கு மலையைப் பெயர்க்க வேண்டிய தேவை இல்லை. ‘நிலத்தடிச் சுரங்கத்தில் கழிவு குறைவு’ என்று பாடங்கள் சொல்வது இதனை எண்ணித்தான். ஆயின் கோலாருக்குச் சென்றவர் முதலில் காண்பது மலைமலையாகக் குவிந்த சாம்பல்நிற மண்மேடுகளை! அவை எங்கிருந்து வந்தன?

விடை, மேலே சொன்ன எண்களிலேயே இருக்கிறது. 5 கோடி டன்னில் 800 டன் என்றால், ஒரு டன் கல்லுக்கு ஏறத்தாழ 16 கிராம் பொன். சிராங்கூன் சாலை நகைக்கடையில் நாம் வாங்கும் ஒரு சவரன் 8 கிராம். அதனைத் தூய பொன் என்றே கொண்டால், அதற்கு அரை டன் கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைத்திருக்க வேண்டும். பொன் போனபின் அந்த அரை டன் மாவும் அப்படியே மிஞ்சும். தாது என்று பெயர் பெற்று மேலே வந்ததில் ஏறக்குறைய முழுவதும் ஆலையின் மறுவாயில் வழியாக வெளியே கொட்டப்படுகிறது. இன்று உலகின் திறந்தவெளிப் பொற்சுரங்கங்கள் பலவற்றில் ஒரு டன்னுக்கு ஒரு கிராம் அளவே கிடைக்கிறது. அங்கே ஒரு சவரனுக்கு எட்டு டன் தாது, அதன்மேல் அகற்றிய வெறும்பாறை வேறு.

எடுத்த இடத்திலேயே திருப்பி நிரப்பலாகாதா என்று மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. திடப்பாறையின் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன். அரைத்துப் படிந்த மாவின் ஒரு கன மீட்டர் சுமார் 1.5 டன்தான். எனவே ஒரு கன மீட்டர் குகையிலிருந்து வந்த கல், மாவானபின் ஏறத்தாழ 1.8 கன மீட்டர் இடம் கேட்கும். அரைக்காமல் உடைத்தாலே மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை பருத்துவிடும். நெல்லைக் குத்தினால் அளவு குறையும். கல்லைக் குத்தினால் அளவு கூடும். கோலாரில் வேறொன்றும் நடந்தது: ஆழத்துப் பாறைவெடிப்புகளைத் தாங்கும்பொருட்டு, வெட்டியெடுத்த வெற்றிடங்களில் கருங்கற் சுவர்கள் கட்டப்பட்டன. கல் தோண்டிய இடத்துக்கு வேறு கல்லை இறக்க வேண்டியிருந்தது.

சுரங்கம் மூடிய பின்னும் அம்மேடுகள் நின்றன. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண், 13 மேடுகள். காற்று வீசும் மாதங்களில் அதன் தூசு பக்கத்துக் குடியிருப்புகளில் படியும்; உணவிலும் உடையிலும் மூச்சிலும் புகும். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் உள்ள இம்மேடுகளை மீண்டும் அகழும் முன்மொழிவுக்கு இசைவளித்தது. பழைய முறையில் பிடிபடாத சிறிதளவு பொன் அவற்றுள் எஞ்சியுள்ளது. பொன்விலையோ பன்மடங்கு ஏறிவிட்டது. நேற்றுவரை கழிவாக இருந்தது, அங்குலமும் அசையாமல் இருந்த இடத்திலேயே தாதுவாகிவிட்டது.

‘தாது’ என்பது விந்தையான சொல். வடமொழி இலக்கணத்தில் வினைச்சொல்லின் வேர் தாது. மருத்துவத்தில் உடலைத் தாங்குவன ஏழு தாதுக்கள். தமிழ்க் கவிதையில் பூந்துகள் தாது. எல்லாவற்றிலும் ‘சாரம், மூலம்’ என்ற எண்ணம் உள்ளோடுகிறது. ஆனால் சுரங்கத் தொழிலில் தாது என்பது பொருளின் இயல்பைக் குறிப்பதன்று. விற்பனை விலை, எடுக்கும் செலவு என்னும் இரண்டின் வேறுபாட்டைக் குறிப்பது. விலை இறங்கினால் தாது வெறும்பாறையாகும். மருத்துவர்கள் இதை நமக்கு முன்பே அறிந்திருந்தார்கள் போலும்: இரும்பு உருக்கியபின் எறியப்பட்ட பழஞ்சிட்டத்தைச் சித்த மருத்துவம் மண்டூரம் என்று பெயரிட்டு மருந்தாக்கியது.

சிங்கப்பூரில் பொன்னும் இல்லை, நிலக்கரியும் இல்லை. கருங்கல் உண்டு. ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851இல் ஒளிவீசத் தொடங்கியபோது அதன் கற்கள் உபின் தீவிலிருந்து சென்றவை. ஜொகூர்ப் பாலமும் உபின், புக்கிட் தீமா கற்களால் எழுந்தது. உபினின் கடைசிக் கல்லுடைப்பு 1999இல் நின்றது. இங்கே கோலாரின் நேர்மாறான காட்சியைக் காண்கிறோம். எடுத்த கல் ஏறத்தாழ முழுவதும் விற்பனைப் பொருள். எஞ்சியது மேடு அன்று, பள்ளம். ஹிண்ட்ஹீட் பூங்காவில் பச்சைநீர் நிறைந்து நிற்கும் குளத்தின் கன அளவு, நகரத்தின் சாலைகளிலும் சுவர்களிலும் பரவிக் கிடக்கிறது. 1960களில் ஏறத்தாழ 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டியுள்ளது. அதற்குரிய மணலின் பள்ளங்கள் பெரும்பாலும் அயல்நாடுகளில் உள்ளன. 2007இல் இந்தோனேசியா மணல் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது நம் கட்டுமானத் துறை திகைத்தது நினைவிருக்கும்.

ஜூரோங் பாறைக்குகைகள் இன்னும் புதிய வகை. 2014இல் திறக்கப்பட்ட அவை கடலடிக்கும் கீழே 130 மீட்டர் ஆழத்தில், 14.7 லட்சம் கன மீட்டர் எண்ணெயைத் தேக்கும் இடங்கள். அங்கே வேண்டப்பட்டது வெற்றிடம். வெளிவந்த கல் முழுவதும், நெய்வேலி மொழியில் சொன்னால், மேற்படிவு!

இனிச் சொற்களுக்கு வருவோம். ஆசிரியர்கள் வகுப்பில் நான்கு பெயர்களைப் பிரித்தாள வேண்டுகிறேன். தாதுக்கு மேலுள்ளதை அகற்றுவது ‘மேற்படிவு’. வளமண்ணுக்கு மட்டும் ‘மேல்மண்’ என்ற பெயரை விட்டுவைக்கலாம். தாதை எட்டுவதற்காக உடைத்த தாதற்ற கல் ‘வெறும்பாறை’. ஆலையில் அரைத்துப் பிரித்தபின் மிஞ்சும் மாவு ‘ஆலைக்கசடு’. திருக்குறள் கல்வி அதிகாரத்தின் முதற் குறளால் கசடு மாணவர்க்கு அறிமுகமான சொல்தான். உலையில் உருகி ஒதுங்குவது ‘சிட்டம்’. கொடுமணல் அகழாய்வைப் பற்றிப் படிப்போர் இதனை அறிவர். ‘டெய்லிங்ஸ்’ என்று தமிழெழுத்தில் எழுதுவோரோடு எனக்குச் சண்டை இல்லை. ‘கழிவு’ என்று எழுதிவிட்டுக் கடந்துபோவோரோடுதான் வழக்கு.

ஒரு பயிற்சியும் தரலாம். ‘நிலத்தடிச் சுரங்கத்தில் கழிவு குறைவு’ என்ற பாட வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, கோலார் மேடுகளின் படம் ஒன்றைப் பக்கத்தில் மாட்டி, வாக்கியத்தைத் திருத்தச் சொல்லுங்கள். ‘நிலத்தடிச் சுரங்கத்தில் மேற்படிவு இல்லை, வெறும்பாறை குறைவு, ஆலைக்கசடு தாதின் தரத்தைப் பொறுத்தது’ என்று ஒரு மாணவர் எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்கலாம். ‘தாது’ என்ற சொல்லுக்கு அருகில் ‘எந்த ஆண்டின் விலைப்படி?’ என்று மற்றொருவர் எழுதினால், அவருக்குக் கூடுதலாக ஒன்று.