சிகிச்சை முடிந்த பின்

“சிகிச்சை முடிந்துவிட்டது, இனிக் கவலையில்லை” என்றே, என் பாட்டி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று எண்ணினோம். ஆனால் அவர்கள் ஒரு வாய்க் கஞ்சிக்கும் கண்ணீர் விட்டார்கள். ஏன்?

வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்திற்கு 5 நாட்களாக 6 அல்லது 7 வாரங்கள் அளிக்கப்படுகிறது. மருந்தும் சேரும்போது அதன் வேகம் கூடுகிறது. விரைந்து பெருகும் புற்றணுக்களை அழிக்கும் அச்சிகிச்சை, விரைந்து வளரும் வாயின் உட்தோலையும் புண்ணாக்குகிறது. சிகிச்சை நின்ற பிறகும் புண் ஆறச் சில வாரங்கள் ஆகும். நாவின் சுவை திரும்ப மாதங்கள் ஆகலாம். உமிழ்நீர்ச் சுரப்பிகள் பழுதுபட்டால் வாய் வறட்சி ஆண்டுக்கணக்கிலும் நீடிக்கலாம்.

வீட்டார் செய்யத்தக்கவை பல. காரமும் புளிப்பும் இல்லாத குழைந்த உணவை ஆறவைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். கொதித்தாறிய 1 லிட்டர் நீரில் உப்பும் சமையல் சோடாவும் ஒவ்வொரு தேக்கரண்டி கலந்து அடிக்கடி வாய் கொப்பளிக்கச் செய்யலாம். தாடை இறுகாமலிருக்க, மருத்துவர் கற்பித்த பயிற்சியைத் தவறாமல் செய்விக்க வேண்டும். உமிழ்நீர் குறைந்தால் பற்கள் விரைவில் சொத்தையாகும். எத்தனை ஆண்டுகள் கழித்தும், பல் பிடுங்குமுன் கதிர்வீச்சு பெற்றதைப் பல் மருத்துவரிடம் கூறுதல் அவசியம். இல்லையேல் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

தோழியரே, நோயாளி பேசாதிருப்பது கோபத்தால் அன்று, வலியால். அருகில் அமர்ந்திருங்கள். புகையிலை மீண்டும் வீட்டிற்குள் வராமல் காத்திடுங்கள். பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இன்று என் தையல் ஊசிகள் இருக்கின்றன.