எம்.பி.ஏ. படிக்கப் புறப்படும் முன்...

அண்மையில் எமது கடைக்கு வந்த ஒரு தம்பி, வரும் ஜனவரியில் இங்கிலாந்துக்கு எம்.பி.ஏ. படிக்கப் போவதாகச் சொன்னார். "நானா, பெட்டியில என்னென்ன வைக்கணும்?" என்று கேட்டார். குளிர் அங்கி, மருந்து, கறித்தூள் என்று நானும் ஒரு பட்டியலைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகுதான், சொல்ல வேண்டிய முக்கியமான விடயங்களைச் சொல்லவில்லையே என்ற எண்ணம் வந்தது. எனது பெட்டி சரியாகவே இருந்தது. தவறியது பெட்டிக்கு வெளியே. அந்தத் தவறினால் எமது குடும்பம் ஒரு வாகனத்தை இழந்தது. அவருக்கும் அவரைப் போன்ற ஏனைய சகோதர சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

வியாபார நிர்வாக முதுமாணிப் பட்டத்துக்காக எல்லோரும் கடல் கடக்க வேண்டும் என்பதில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பட்டப்பின் படிப்பு முகாமைத்துவ நிறுவனம் 1986 முதல் இயங்கி வருகிறது. கொழும்பு, மொறட்டுவ பல்கலைக்கழகங்களிலும் இக்கற்கைநெறி உண்டு. தொழில் செய்துகொண்டே படிக்க விரும்புவோருக்கு இவை ஏற்றவை. நான் 2022 ஜனவரியில் வட இங்கிலாந்து நகரொன்றுக்குச் சென்றேன். எனவே அந்தப் பயணத்தை வைத்தே பேசுகிறேன்.

ஆவணக் கோப்பு

முதலில் தயாராக வேண்டியது பெட்டியல்ல, ஆவணக் கோப்பு. பட்டச் சான்றிதழ், பாடவாரியான பெறுபேற்றுப் பட்டியல், வேலை அனுபவக் கடிதங்கள், பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஆகியவற்றின் மூலப் பிரதிகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலும் சேமித்து வையுங்கள். வெளிநாட்டு அமைச்சின் உறுதிப்படுத்தல் தேவை என்றால் அதனை இங்கிருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. அங்கே போன பின் ஒரு முத்திரைக்காக வீட்டாரைக் கொழும்புக்கு அலைக்கழிப்பது வீண் செலவு.

பிரித்தானிய மாணவர் வீசாவுக்கு இலங்கையர் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் சமர்ப்பிக்க வேண்டும். செலவுக்கான பணம் தொடர்ச்சியாக 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். இடையில் ஒரு நாள் தொகை குறைந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். கடைக்குச் சரக்கு எடுக்க அந்தக் கணக்கிலிருந்து 'ரெண்டு நாளைக்கு மட்டும்' என்று காசை எடுப்பது வியாபாரக் குடும்பங்களில் நடக்கும் காரியம். அதனை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லி வையுங்கள். மாணவர்கள் செலுத்தும் சுகாதாரக் கட்டணமும் 2024 பெப்ரவரியில் வருடத்துக்கு 776 பவுணாக உயர்த்தப்பட்டது. இதனைப் பலர் வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்க மறந்துவிடுகின்றனர்.

நான் சென்ற காலத்துக்குப் பின்னர் வந்த ஒரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். எம்.பி.ஏ. போன்ற விரிவுரை வழி முதுமாணிக் கற்கைநெறியை 2024 ஜனவரி 1ஆம் திகதி அல்லது அதற்குப் பின்னர் ஆரம்பிப்போர் மனைவி, கணவர், பிள்ளைகளைத் தம்முடன் அழைத்துச் செல்ல முடியாது. குடும்பஸ்தர்கள் ஒரு வருடப் பிரிவை ஏற்றுக்கொண்டுதான் புறப்பட வேண்டும். வீட்டில் முதலில் பேசி முடிக்க வேண்டிய விடயம் இதுவே. அத்துடன், தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்ய முடியாது. சுயதொழிலுக்கும் அனுமதியில்லை. 'படித்துக்கொண்டே அங்கிருந்து சின்னதாக ஒரு வியாபாரம்' என்று கணக்குப் போடுபவர்கள் இதனை மனதில் கொள்க.

தலையில் ஏற்ற வேண்டியவை

எம்.பி.ஏ. வகுப்புகளில் 'கேஸ் ஸ்டடி' எனப்படும் சம்பவ ஆய்வு முறை பெரிதும் பயன்படுகிறது. 1908இல் ஆரம்பமான ஹார்வர்ட் வணிகக் கல்லூரியே இம்முறையைப் பரவலாக்கியது. ஒரு கம்பனி எதிர்கொண்ட பிரச்சினை பத்து இருபது பக்கங்களில் தரப்படும். இரவில் வாசித்துவிட்டு, காலையில் 'நீங்கள் முகாமையாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?' என்ற கேள்விக்கு வகுப்பில் விடை சொல்ல வேண்டும். விரிவுரையாளர் சொல்வதை எழுதிப் பாடமாக்கிப் பழகிய எங்களுக்கு இது புதிது. வாய் திறக்காமல் இருந்தால் புள்ளியும் குறையும். ஆகவே புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே தினமும் ஆங்கில வணிகச் செய்தி ஒன்றை வாசித்து, அதனைப் பற்றி இரண்டு நிமிடம் சத்தமாகப் பேசிப் பாருங்கள். பிழையாகப் பேசினாலும் பரவாயில்லை.

அடுத்து, கணக்கியல். வகுப்புக்குப் பொறியியலாளர்களும் மருத்துவர்களும் வருவார்கள். முதல் இரண்டு வாரங்களில் எல்லோருக்கும் திணறல் ஏற்படுவது இங்கேதான். வெனிஸ் வணிகர்கள் பயன்படுத்திய இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாசியோலி என்ற துறவி 1494இல் நூலாக அச்சிட்டார். இன்றைய கம்பனிக் கணக்குகளும் அதே அடிப்படையில்தான் நிற்கின்றன. ஐந்தொகை, இலாப நட்டக் கணக்கு, காசுப் பாய்ச்சல் கூற்று ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புபடுகின்றன என்பதை மட்டும் விளங்கிக்கொண்டு போனால் போதும். புள்ளிவிபரவியலில் இடை, நியம விலகல், நிகழ்தகவு ஆகியவற்றை மீட்டிப் பாருங்கள். எக்செலில் வேகமாக வேலை செய்யப் பழகுங்கள்.

இவற்றை விட எனக்குக் கைகொடுத்தது வேறொன்று. மாவனல்லையிலுள்ள எமது கடையின் கடன் கொப்பியை, பன்னிரண்டு மாதங்களுக்குரிய பக்கங்களை, படமெடுத்துக் கொண்டு போயிருந்தேன். இரண்டாவது வாரத்தில் தொழிற்படு மூலதனம் பற்றிய பாடம். விரிவுரையாளர் கேட்ட கேள்விக்கு நான் விழித்துக்கொண்டு நின்றேன். அன்றிரவு அறையில் கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தேன். மாதக் கடன் விற்பனை பத்து இலட்சம் ரூபா. வெளியில் நின்ற கடன் இருபத்தைந்து இலட்சம். அதாவது விற்ற பொருளின் காசு கைக்கு வர 75 நாட்கள் ஆகின்றன. கொழும்பு மொத்த வியாபாரியோ எமக்குத் தருவது 30 நாள் தவணை. இடையிலுள்ள 45 நாட்களும் எமது கைக்காசே ஓடுகிறது. கடையில் நல்ல விற்பனை இருந்தும் மாத முடிவில் ஏன் எப்போதும் காசு முடை என்ற கேள்விக்கு, இருபது வருடத்தின் பின் விடை கிடைத்தது. மறுநாள் வகுப்பில் அதையே சொன்னேன். அதன் பிறகு பேசுவதற்குக் கூச்சம் வரவில்லை.

எனவே தம்பிமாரே, தங்கைமாரே, உங்கள் வீட்டுக் கடையோ, வேலை செய்த நிறுவனமோ, ஒரு வருடத்துக்குரிய கணக்கை உரியவரின் அனுமதியோடு எடுத்துச் செல்லுங்கள். அதற்கு ஒரு கிராம் எடையும் இல்லை.

பெட்டிக்குள்

எனக்கு அனுமதிக்கப்பட்டது 30 கிலோ. அதில் எட்டுக் கிலோ பாடப்புத்தகங்கள். ஒன்றையும் அங்கே திறக்கவில்லை. நூலகத்தில் புதிய பதிப்புகள் கிடைத்தன. தடித்த குளிர் அங்கியை இங்கே அதிக விலைக்கு வாங்க வேண்டாம். அங்குள்ள தரும நிறுவனக் கடைகளில் பாவித்த நல்ல அங்கிகள் மலிவு. ஆனால் போய் இறங்கும் நாளுக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். ஜனவரியில் மாலை நான்கு மணியளவிலேயே இருட்டிவிடும். நேர்முகங்களுக்கும் நிறுவன விஜயங்களுக்கும் அளவான ஒரு கோட் சூட் போதுமானது. அதனை இங்கே தைப்பதுதான் இலாபம்.

வழமையாகப் பாவிக்கும் மருந்துகளை வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்துடன் கொண்டு செல்லுங்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் இரண்டாவது கண்ணாடி ஒன்றையும் வையுங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட் மணித்தியாலம் வரை சாதாரணமாக அனுமதிப்பார்கள். 20,000 எம்.ஏ.எச். என்று எழுதப்பட்டது ஏறத்தாழ 74 வாட் மணித்தியாலம்தான். நாம் பாவிக்கும் சதுர முனைகள் மூன்றுள்ள பிளக்கே அங்கும் உள்ளது.

உம்மா எனக்காக இறைச்சியைப் பொரித்து, எண்ணெய் வடித்து, போத்தலில் அடைத்து வைத்திருந்தார். இலங்கையிலிருந்து இறைச்சியும் பாலுற்பத்திகளும் அங்கே கொண்டு செல்லத் தடை. பயணத்துக்கு முதல் நாள்தான் அதனைப் பார்த்தேன். உம்மாவின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. கறித்தூள், மிளகாய்த்தூள், மாசி ஆகியவை பிரச்சினையின்றி வந்து சேர்ந்தன. விதிகளை ஒரு வாரம் முந்திப் பார்த்திருந்தால் உம்மா அடுப்படியில் அவ்வளவு நேரம் நின்றிருக்கத் தேவையில்லை.

பணத்தை எந்த நாணயத்தில் வைத்திருந்தோம்?

இப்போது எனது தவறுக்கு வருகிறேன். கல்விக் கட்டணத்தின் முதல் பகுதியைக் கட்டிவிட்டோம். மிகுதி 8,000 பவுண். அதனை மே மாதத்தில் கட்டலாம். முழுவதையும் முன்கூட்டிக் கட்டினால் சிறு கழிவும் இருந்தது. அப்போது ஒரு பவுண் சுமார் 275 ரூபா. ஆகவே தேவைப்பட்டது 22 இலட்சம். அந்தக் காசு வாப்பாவின் கையில் இருந்தது.

"மகன், மிச்சக் காசையும் இப்பவே கட்டினா என்ன?" என்று வாப்பா கேட்டார்.

"இல்ல வாப்பா, மே மட்டும் டைம் இருக்கு. சும்மா ஏன் கட்டுவான்? இலாபப் பங்கீட்டு வைப்புல போட்டா ஏதும் கிடைக்கும்" என்றேன் நான். எழுபதாயிரம் ரூபா அளவில் கிடைக்கும் என்று கடதாசியில் எழுதியும் காட்டினேன். நான் படித்தவன் அல்லவா, வாப்பா மறுத்துப் பேசவில்லை.

2022 மார்ச் ஆரம்பத்தில் மத்திய வங்கி ரூபாவை மிதக்க விட்டது. அதுவரை 203 ரூபா அளவில் நிறுத்தப்பட்டிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. பவுண் 450 ரூபாவை அண்மித்தது. 22 இலட்சமாக இருந்த எனது மிகுதிக் கட்டணம் 36 இலட்சமாக மாறியது. வங்கிகளிடமும் வெளிநாட்டு நாணயம் தட்டுப்பாடு. கட்டாவிட்டால் பரீட்சைக்கு அமர முடியாது.

வாப்பா கடையின் டெலிவரி வேனை விற்றார். 2020 முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்ததால் பழைய வேனுக்கும் நல்ல விலை கிடைத்தது. அந்தப் பதினான்கு இலட்சத்தை அப்படித்தான் சமாளித்தோம். அதன் பின் ஒன்றரை வருடம் கடைச் சரக்கு வாடகை வாகனத்தில்தான் போனது.

அதே மே மாதத்தில் நிதி முகாமைத்துவப் பாடத்தில் நான் படித்தது இதுதான்: எந்த நாணயத்தில் கடமை இருக்கிறதோ, அதே நாணயத்தில் அதற்கான பணத்தையும் வைத்திருக்க வேண்டும். பவுணில் கட்ட வேண்டிய காசை ரூபாவில் வைத்திருந்தது சேமிப்பல்ல, சூதாட்டத்தை ஒத்த ஒரு துணிகரம். எழுபதாயிரத்துக்கு ஆசைப்பட்டு பதினான்கு இலட்சத்தை இழந்தேன். ரூபா ஏறியிருந்தால் இலாபம் கிடைத்திருக்குமே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ரூபா ஏறினால் சிறிது மிச்சம், இறங்கினால் படிப்பே நின்றுவிடும். அந்த இரண்டும் சமமல்ல.

ஆகவே, முடிந்தால் கட்டணத்தை முழுமையாகக் கட்டுங்கள். முடியாவிட்டால் மிகுதியை வெளிநாட்டு நாணயமாக வைத்திருக்கச் சட்டப்படி உள்ள வழிகளை வங்கியில் கேளுங்கள். அதுவும் இயலாவிட்டால், இன்றைய நாணயமாற்று வீதத்துக்கு மேல் கணிசமான ஒரு தொகையை ஒதுக்கி வைத்து வரவு செலவுத் திட்டம் போடுங்கள். அந்த ஒதுக்கம் இல்லையென்றால் ஒரு வருடம் பிற்போடுவதே நல்லது.

அந்தத் தம்பிக்கு நேற்று தொலைபேசி எடுத்தேன். கட்டணத்தில் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். பாதி என்றார். "எதில் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "ரூபாவிலதான் நானா. நாளைக்கே வாப்பாவோட வங்கிக்குப் போறேன்" என்றார். குளிர் அங்கியை அவர் ஆறுதலாகத் தேடட்டும்.