நோகாமல் நீட்டுவோம்

2009ஆம் ஆண்டு ஷெல் துண்டு பட்டு என் வலது தொடையின் பின்பக்கம் கிழிந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் காலை நீட்டிப் பாயில் இருக்கவோ குனிந்து வாளி தூக்கவோ முடியவில்லை. "நரம்பு சுருண்டு போச்சு, இனி இப்படித்தான்" என்று ஊரில் சொன்னார்கள். நானும் அதை நம்பி ஏழு வருடம் அந்தக் காலைப் பொத்தி வைத்திருந்தேன்.

2016இல் ஆஸ்பத்திரியில் என்னை இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கு வேலை செய்த தங்கச்சி காலைச் சோதித்துவிட்டு, "அக்கா, தசை இறுகித்தான் இருக்கு. ஆனா காயம் ஆறின பிறகும் உங்கட உடம்பு அந்த இடத்தைக் காவல் காக்குது" என்றார். பிறகு விளங்கப்படுத்தினார்.

தசைக்குள் அதன் நீளத்தை அறியும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. சடுதியாக இழுத்தால் அவை முள்ளந்தண்டுக்குச் செய்தி அனுப்பும். உடனே தசை தன்னைக் காக்கச் சுருங்கும். மெதுவாக நீட்டிப் பிடித்தால் அந்தச் சுருக்கம் எழாது. முதற் சில வாரங்களில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் தசை நீள்வதால் வருவதல்ல. இழுவையைத் தாங்க உடம்பு பழகுவதால் வருவது. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கத் தேவையில்லை.

அவர் காட்டித் தந்த முறை இது. சிறிது நேரம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். கதிரையின் நுனியில் இருந்து ஒரு காலை முன்னே நீட்டி, குதிக்காலை நிலத்தில் ஊன்றுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னே சாயுங்கள். தொடையின் பின்னால் இழுவை தெரிந்ததும் நில்லுங்கள். மூச்சை அடக்காமல் 30 விநாடி பிடியுங்கள். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 30 விநாடி பிடித்தவர்களுக்கும் 60 விநாடி பிடித்தவர்களுக்கும் ஒரேயளவு பயன் கிடைத்தது. அவர்கள் கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஆறு கிழமை செய்தார்கள்.

எனக்கு மூன்று மாதம் எடுத்தது. கால் முழுதாக நிமிரவில்லை. ஆனாலும் பாயில் இருந்து மகளுக்குத் தலை பின்னிவிட முடிந்தது. இடையில் இரண்டு மாதம் விட்டபோது பழையபடி இறுகியது. அதிலிருந்து விடுவதில்லை.

சகோதரிகளே, உடம்பில் ஷெல் துண்டு இருந்தாலோ, விறைப்பு, வீக்கம், குத்தும் நோ இருந்தாலோ முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றவர்கள் இன்றைக்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தொடங்கலாம்.