கட்டடத்தையும் 'அசெம்பிள்' செய்யலாம்!

உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? மதர்போர்டு, ஹார்ட் டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாமே வெவ்வேறு தொழிற்சாலைகளில் தயாராகி, பரிசோதிக்கப்பட்டு வந்தவை. கடைக்காரர் அவற்றைப் பொருத்தி இணைக்கிறார், அவ்வளவுதான். கட்டடத்தின் குழாய், வயர், ஏசி வேலைகளையும் இதே முறையில் செய்கிறார்கள்.

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில் டேட்டன் நகரிலுள்ள மியாமி வேலி மருத்துவமனையின் 12 மாடிப் புதிய கட்டடம் 2010-ல் முடிந்தது. அதன் 178 நோயாளி அறைகளுக்கான குளியலறைகளும், நடைபாதைக் கூரையில் பொருத்தும் 120 ரேக்குகளும் ஒரு கிடங்கில் தயாராயின. ஏசி டக்ட், தண்ணீர்க் குழாய், மருத்துவ வாயுக் குழாய், கேபிள் தட்டு எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில்! ஏணி உச்சியில் அண்ணாந்து செய்யும் வேலை, தரையில் நின்றே முடிந்தது. கட்டுமானக் காலம் 2 மாதத்துக்கும் மேல் குறைந்தது.

இதற்கு அடிப்படை சாஃப்ட்வேர்தான். ரெவிட் போன்ற புரோகிராமில் முப்பரிமாண மாதிரியை உருவாக்குவார்கள். நேவிஸ்வொர்க்ஸ் அதைச் சோதித்து, டக்ட்டும் குழாயும் மோதும் இடங்களைப் பட்டியலிடும். திரையில் தெரிந்தால் மவுஸால் நகர்த்திவிடலாம். கூரையில் தெரிந்தால் உடைக்க வேண்டும்!

ஆனால் எச்சரிக்கை: ஒரு அளவு தவறினால் அத்தனை ரேக்கிலும் அதே தவறு வரும். எனவே முதலில் ஒரு மாதிரியைச் செய்து பார்ப்பார்கள். நீங்களும் பிரின்ட் கொடுக்கும் முன் பிரிவியூ பார்ப்பீர்கள்தானே?